பாலத்துக்கு அப்பால் அறுநூறு மீற்றர்

வரைபடம் பிழையாக இருக்காது. அப்படியென்றால் தன் கைதான் பிழை. சுலக்சன் நூலை எடுத்து மூன்றாம் தரமும் வைத்து அளந்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை ஜெர்மன் மொழி வகுப்பு. பிரேண்ட்லே ரீச்சர் ஆளுக்கொரு வரைபடமும் ஒரு முழம் தையல் நூலும் கொடுத்திருந்தார். பழக்கமான பாதை ஒன்றின் வளைவுகளில் நூலைப் பதித்து அதன் நீளத்தைச் சொல்ல வேண்டும். நாலு சென்ரிமீற்றர் என்றால் ஒரு கிலோமீற்றர். மற்றவர்கள் பஸ் தரிப்பிடத்துக்கும் வேலைத்தலத்துக்கும் போகிற வழியை அளந்தார்கள். சுலக்சன் தன் ஞாயிற்றுக்கிழமைப் பாதையை எடுத்தான்.

மரம் அரிகிற மரக்காலைக்குப் பின்னால் தொடங்கி, சோளத் தோட்டங்களுக்கு நடுவாக ஓடி, காட்டோரமாக வளைந்து போகிற, தார் போடாத கிறவல் பாதை அது. கார் போக முடியாது. அவனுக்கு அது பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவன் இருந்த கிராமம் ஜெர்மனிதான், ஆனால் மூன்று பக்கமும் சுவிஸ். தார் றோட்டுகள் எல்லாவற்றிலும் எல்லைக் காவல் கொட்டில் இருந்தது. கிறவல் பாதையில் எல்லைக்கு அடையாளமாக ஒரு கல் மட்டுமே இருந்தது. அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம், ஷாஃப்ஹவுசன் நகரிலிருந்து, அக்கா சிவகௌரி வருவாள். அவளுடைய கடதாசியும் அவளைச் சுவிஸை விட்டு வெளியே விடாது.

சைக்கிள் சில்லில் பூட்டியிருந்த மீற்றர், கல் வரைக்கும் ஆறு தசம் எட்டுக் கிலோமீற்றர் என்று காட்டும். ஒவ்வொரு ஞாயிறும் அதையே காட்டியிருக்கிறது. இப்போது வரைபடத்தில் எல்லைக்கோடு நூலைத் தொடுகிற இடம் ஆறு தசம் இரண்டு. அங்கே ஒரு நீரோடையும் சின்ன மரப்பாலமும் குறித்திருந்தன.

அந்தப் பாலம் அவனுக்கு நன்றாகத் தெரியும். அதில் இறங்கித்தான் தண்ணீர் குடிப்பான். தண்ணீர் குடித்துவிட்டு அறுநூறு மீற்றர் மிதித்து, கல்லுக்கு இந்தப் பக்கம் போய் நிற்பான். அப்படி முப்பத்தொரு ஞாயிறு, தெரியாமலே எல்லை தாண்டி.

நூல் விரலுக்கிடையில் ஈரமாகிவிட்டது.

ஜெர்மனியில் அவன் எட்டு வருடமாக டுல்டுங்கில் இருந்தான். திருப்பி அனுப்புவதைத் தள்ளிவைத்திருக்கிறோம் என்று சொல்கிற கடதாசி அது. சில மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மாநிலத்தை விட்டு வெளியே போகக்கூடாது. நாட்டை விட்டுப் போவதைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த 2007 கோடையில் புதுச் சட்டம் வந்திருந்தது: எட்டு வருடம் இருந்தவர், வேலை செய்கிறவர், குற்றம் எதுவும் இல்லாதவர் வதிவிட அனுமதிக்கு எழுதலாம். சுலக்சன் எழுதியிருந்தான். அடுத்த கிழமை வியாழக்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவனுக்குத் தெர்மின், வரச்சொல்லிக் குறித்த நேரம்.

அந்த விண்ணப்பக் கோவையோடு சேர்க்க ரீச்சர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அத்துடன் அவனுடைய நாட்குறிப்புக் கொப்பியையும் பிரதியெடுத்து வைக்கப் போவதாகச் சொன்னார். வகுப்புக்காக ஜெர்மன் மொழியில் எழுதுகிற கொப்பி. அவன் துணி வெளுக்கிற வேலை செய்த லோன்றியில் எட்டு மணித்தியாலமும் இயந்திரச் சத்தம், யாரும் யாரோடும் பேசுவதில்லை. அறைக்கு வந்தால் அறையும் பேசாது. அதனால் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினான்: நேரம், தூரம், காற்றின் திசை, கல்லடியில் அக்கா கொண்டு வந்த சாப்பாடு. ரீச்சர் பச்சைப் பேனையால் திருத்துவார். அவனுடைய நாட்களை வாசிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

ஒவ்வொரு ஞாயிறுக்கும் எதிரே 6,8 என்று அவனே எழுதி வைத்திருக்கிறான். அலுவலகத்தில் ஒருவர் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் போதும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை நின்றான்.

"கொப்பி திரும்ப வேண்டும். அதில் ஒரு பிழை இருக்கிறது."

"பிழையா? நான் எல்லாம் திருத்திவிட்டேனே."

"இது திருத்துகிற பிழை இல்லை."

ரீச்சர் மேசையில் கிடந்த வரைபடத்தைப் பார்த்தார். நூல் இன்னும் அதன் மேல் கிடந்தது. குனிந்து, நூல் எல்லைக்கோட்டைத் தாண்டுகிற இடத்தில் விரலை வைத்தார். பிறகு பையைத் திறந்து கொப்பியை எடுத்துக் கொடுத்தார்.

"கடிதம் மட்டும் போதும்," என்றார். "நன்றாக எழுதுவீர்கள் என்று அதில் சொல்லியிருக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவன் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினான். ஓடைக்கரை முட்புதரை விலக்கிப் பார்த்தான். முழங்காலளவு கூட இல்லாத ஒரு கல் பாசி பிடித்துக் கிடந்தது. இரண்டு முகத்திலும் வேறு வேறு நாட்டு எழுத்து. அவர்கள் கும்பிடாத குறையாக மரியாதை கொடுத்த பெரிய கல், யாரோ சோளத் தோட்டக் கமக்காரரின் காணிக் கல்லாக இருக்க வேண்டும்.

பாதை நேராக ஓடியது. தூரத்தில் அந்தக் கல்லடியில் அக்காவின் பிள்ளை வண்டியின் சிவப்புத் தெரிந்தது. தொலைபேசி அடித்தது.

"எங்கையடா நிக்கிறாய்? இடியப்பம் காயுது."

"பாலத்தில நிக்கிறன் அக்கா. அங்கால வர ஏலாது."

"ஏன், சில்லுக் காத்துப் போயிட்டுதோ?"

"இல்லை. எல்லை இதுதான். நீங்கள் நிக்கிறது வேற ஏதோ கல்."

மறுபக்கம் ஒரு சிரிப்பு. சிவப்பு வண்டி அசைந்து மெல்ல மெல்லப் பெரிதாகியது. கிறவலில் அது குலுங்குகிற சத்தம் கேட்கத் தொடங்கியபோதும் அவள் சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

"அப்ப முப்பத்தொரு கிழமை சுவிஸுக்குள்ளை நிண்டுகொண்டே சுவிஸுக்கு வரமாட்டன் எண்டு அடம்பிடிச்சனீ?"

"ஓம்."

"பிள்ளையின்ர பிறந்தநாளுக்கு ஒரு கால் மட்டும் வை எண்டு கெஞ்சினன். கேக்கைக் கல்லுக்கு மேல வைச்சு வெட்டினம். பிள்ளையை ஒருக்காத் தூக்கடா எண்டு நீட்டினன். என்ன சொன்னனீ?"

சுலக்சன் சைக்கிளைப் பாலக் கம்பியில் சாய்த்து வைத்தான்.

"பிள்ளைக்கு விசா இல்லை எண்டனீ! ஒரு வயதுப் பிள்ளைக்கு! உன்ர சிறீதரன் அத்தான் இண்டைக்கும் வாற போற ஆக்களுக்கெல்லாம் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்."

அவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள்.

"ஒரே பாயில இருந்து சாப்பிட்டிருக்கலாம்," என்றாள்.

அவன் அதை ஐந்து நாளாக நினைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தொரு ஞாயிறும் இருவரும் ஒரே மண்ணில்தான் நின்றிருக்கிறார்கள். நடுவே ஒரு காணிக் கல்லை வைத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பெட்டியை அதன் தலையில் வைத்துக் கைமாற்றியிருக்கிறார்கள். பிள்ளை நிலக்சி இந்த ஏழு மாதத்துக்குள் முதலில் வண்டியில் படுத்திருந்தாள், பிறகு நிமிர்ந்து இருந்தாள், பிறகு எழுந்து நின்றாள். ஒரு தரமேனும் அவன் அவளைத் தொட்டதில்லை.

"இண்டைக்கு ஒருக்கா வா," என்றாள் அக்கா. குரல் தணிந்திருந்தது. "அறுநூறு மீற்றர்தானே. முப்பத்தொரு தரம் வந்தனீ. இன்னும் ஒரு தரம் வந்தால் என்ன குடி மூழ்கிப் போகுதோ? ஆர் இஞ்ச பாக்கினம்? காகம் கூட இல்லை."

உண்மைதான். இரண்டு பக்கமும் பாதை வெறுமையாகக் கிடந்தது.

"தெரியாமல் வந்தது வேற அக்கா. வியாழக்கிழமை அவையள் கேட்டால் எனக்குப் பொய் வராது. முகத்திலயே தெரிஞ்சிடும்."

"உனக்குச் சின்னனிலயே வராது. மாங்காய் களவெடுத்தாலும் நீதான் முதல்ல போய்ச் சொல்லுவாய்," என்றவள், வண்டியிலிருந்து பிள்ளையைத் தூக்கி இறக்கினாள். "சரி. நீ வராதை. அவள் நடக்கிறாள், தெரியுமோ? புதன்கிழமையிலயிருந்து."

பாலத்தில் எட்டுப் பலகை, எல்லை நடுவில். நிலக்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் பலகையில் கால் வைத்தாள். சுலக்சன் தன் பக்கத்துக் கரையில் முழந்தாளிட்டான். இரண்டு. அவள் அவன் முகத்தையே பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தூரத்தில் தெரிகிற முகம். மூன்று. அவன் கைகளை நீட்டினான், பிறகு விரல்கள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்று பார்த்துக் கொஞ்சம் இழுத்துக்கொண்டான். நாலாவது பலகையில் பிள்ளை குந்தினாள். பலகை இடுக்கில் கிடந்த கிறவல் கல் ஒன்றை நகத்தால் கிளறி எடுத்தாள். அதை ஓடைக்குள் போட்டாள். சத்தத்தைக் கேட்டாள். எழுந்து, திரும்பி, அம்மாவிடம் போய்விட்டாள்.

அவன் ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் தூக்கியிருக்கலாம்.

சிவகௌரி சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டு வந்து பாலத்து நடுவில் வைத்துவிட்டுப் பின்னால் போனாள். அவன் குனிந்து, கையை மட்டும் நீட்டி எடுத்தான்.

அன்று கொப்பியில் எழுதினான்: "6,2. காற்று இல்லை. நாலு பலகை." எழுதிய பிறகு இது ரீச்சருக்கு விளங்குமா என்று யோசித்தான். விளக்கி எழுதப் போனான். பிறகு பேனையை மூடினான்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் இருந்த பெண் சம்பளத் துண்டுகளையும் மொழிச் சான்றிதழையும் புரட்டினாள். ரீச்சரின் கடிதத்தில் கண் நின்றது.

"ஓய்வு நேரத்தில் சைக்கிள் ஓடுவீர்களாம்."

"ஆம். ஞாயிற்றுக்கிழமை."

"எங்கே?"

"காட்டோரப் பாதை. கார் இல்லாத பாதை."

"நான்கூட அங்கே ஓடுவேன். எவ்வளவு தூரம் போவீர்கள்?"

தன் முகம் அப்படியே இருந்ததாகத்தான் நினைத்தான்.

"பாலம் வரைக்கும். ஆறு தசம் இரண்டு."

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "அவ்வளவு கணக்காகவா!" முத்திரை குத்தினாள். இரண்டு வருட அனுமதி.

வெளியே சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது அக்காவுக்கு எடுத்தான். அவள் கத்திய கத்தலில் தொலைபேசியைக் காதிலிருந்து விலக்க வேண்டியிருந்தது.

"அப்ப இந்த ஞாயிறு வீட்டை வாறாய்!"

"இல்லை அக்கா. இது ஜெர்மனிக்கு மட்டும். சுவிஸுக்கு வேற விசா வேணும். இனி அதுக்கு எழுதலாம். எழுதினால் இரண்டு மூண்டு மாதம் எடுக்குமாம்."

"அதுக்கிடையில அவள் எட்டுப் பலகையும் நடந்திடுவாள்," என்றாள் சிவகௌரி.

"நடக்கட்டும்," என்றான்.

அவளுக்கு அடுப்பில் ஏதோ பொங்கியது, தொலைபேசியை வைத்துவிட்டாள். சுலக்சன் மீற்றரைப் பூச்சியத்துக்குத் திருப்பினான். அறை இரண்டு தசம் நாலு கிலோமீற்றரில் இருந்தது. ஞாயிறுக்கு இன்னும் மூன்று நாள்.