விபத்தில்லா நாட்கள்

மனித மூளையே படைப்பின் சிகரம். அதைக் காப்பதைவிட உயர்ந்த கடமை இந்த உலகத்தில் இல்லை. பாட்டில் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி திங்கட்கிழமைதோறும் தொழிலாளர்களை வரிசையில் நிற்கவைத்து இதைச் சொல்வார். சொன்னவர் இப்போது வீட்டுச் சோபாவில் படுத்து, சமையலறையில் ஒரு கரண்டி விழுந்ததற்காக அழுதுகொண்டிருந்தார்.

"இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்றாள் மனைவி.

"யாரு அழுதா? கண்ணு கூசுது."

முந்தின நாள் வேலையில் தலையை இடித்துக்கொண்டு வந்திருந்தார். எதில் என்று கேட்டால், "ஒரு இடத்துல." மனைவி விடாமல் மருத்துவரிடம் இழுத்துப்போனாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. மூளைக்கு லேசான அடி என்றார் டாக்டரம்மா. சில நாள் நல்ல ஓய்வு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வேலை.

"லேசுதானே? திங்கட்கிழமை போயிடறேன்."

"உயிருக்கு ஆபத்தில்லன்னுதான் லேசுன்னேன். உங்களுக்கு லேசா இருக்கும்னு நான் சொல்லவே இல்லையே."

அவருடைய கவலை வேறு. விடுப்பு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் தொழிற்சாலை வாசலில் உள்ள 'விபத்தில்லா நாட்கள்' பலகை பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அந்தப் பலகைக்காக மாதக் கடைசியில் அவருக்கு ஒரு கேடயம் வரவிருந்தது. ஷோகேசில் பொம்மைகளைத் தள்ளிவைத்து இடம்கூடப் பிடித்தாயிற்று.

திங்கட்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு போய் நின்றார். "மனித மூளையே..." என்று கம்பீரமாகத்தான் ஆரம்பித்தார். "அதனால எல்லாரும் கண்டிப்பா... அதை... போட்டுக்கணும்." எதை என்பது வாயில் வரவில்லை. தலையைத் தொட்டுக் காட்டினார்.

"டோப்பாவா சார்?" என்றது பின்வரிசை.

அங்கே அவருக்குப் பட்டப்பெயரே ஹெல்மெட் சார்தான். சிரிப்புச் சத்தம் மண்டைக்குள் ஆணி அடித்தது. தப்பித்தால் போதும் என்று கிடங்குப் பக்கம் நடந்தார். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று பீப் பீப் என்று பின்பக்கமாக வந்தது. அந்தச் சத்தத்தில் தலை சுற்றி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரும் நிற்கக்கூடாது என்று அவரே மஞ்சள் கோடு போடவைத்த இடம் அது.

டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டுக் குதித்து ஓடிவந்தான். "இன்னும் ஒரு முழம் வந்திருந்தா நீங்களே போஸ்டர்ல வந்திருப்பீங்க சார்!" கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். "அப்புறம் ஆயுசு முழுக்க எனக்குத் தூக்கம் வருமா?"

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குத் தலையில அடிபட்டிருக்குப்பா," என்றார்.

பலகை பூஜ்யமானது. கேடயம் வேறு கிளைக்குப் போனது. பொம்மைகள் பழைய இடத்துக்கே வந்தன. அவர் திரை போட்ட அறையில் படுத்துக்கிடந்தார். காலுறைகளை ஜோடி சேர்க்க உட்கார்ந்தால், பாதியிலேயே தூக்கம் தள்ளியது. பேப்பரில் முதலில் தலைப்பு மட்டும் படிக்க முடிந்தது, பிறகு செய்தி, பிறகு, திட்டிக்கொண்டே, தலையங்கம். ஒருநாள் சீப்பு என்பதற்குப் பதில் ஏணி என்று கேட்டார். மனைவி சீப்பை எடுத்துக்கொடுத்தாள்.

அரைநாள் வேலைக்குத் திரும்பியபோது வாசலில் டிரைவர் பிடித்துக்கொண்டான்.

"எங்கதான் சார் இடிச்சீங்க? சொன்னீங்கன்னா அங்க ரப்பராவது சுத்தி வைக்கலாம். இன்னொருத்தன் மண்டை தப்பிக்கும்ல?"

இந்தமுறை "ஒரு இடத்துல" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, விபத்தில்லா நாட்கள் பலகையின் இரும்பு முனையைத் தொட்டுக் காட்டினார்.

"நம்பரை மாத்திட்டு நிமிர்ந்தேன்."

"ஹெல்மெட்டு?"

பலகையோடு சேர்த்துத் தன்னைப் போட்டோ எடுத்துக்கொள்வதற்காக, அதைக் கழற்றிவைத்துவிட்டுத் தலை சீவியிருந்தார்.