நான்காவது முனை

அக்காவின் கைக்கணினியில் பேட்டரி வீங்கி, திரையை உள்ளிருந்தே முட்டித் தூக்கிவிட்டது. படம் தெரிந்தது; தொட்டால் அசையவில்லை. தொண்டை அறுவைக்கு முந்தைய பத்து நாட்களில் அவள் தன் குரலிலேயே பதிவு செய்துவைத்த நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள் அதற்குள் இருந்தன. அவற்றைத் தொட்டுத் தொட்டுத்தான் நான்கு வருடமாக அவள் எங்களோடு பேசுகிறாள். வேறெங்கும் பிரதி கிடையாது. "அடுத்த வாரம் எடுத்துவைக்கிறேன்" என்று நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நிலைமை இதுதான். அந்தப் பழைய இயந்திரத்தில் மின்சாரம் போனால் பதிவுகளும் போகும். வீங்கிய பேட்டரியைக் கழற்றிவிட்டால், உள்ளே பொட்டளவில் இருக்கும் துணை பேட்டரி ஒன்றுதான் தாங்க வேண்டும். புதிதில் அது அரைமணி நேரம் தாங்கும். இப்போது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

வேறு கணினியோடு இணைத்தாலும், திரையில் தொட்டு அனுமதி கொடுக்காமல் எதுவும் வெளியே வராது. பதிவுகளைப் பென்டிரைவுக்கு மாற்றக் கட்டளை கொடுக்க வேண்டும். அதற்குக் கீபோர்டு வேண்டும். ஆனால் அதன் யூஎஸ்பி வாய்க்கு இன்னொரு கணினிக்கு அடங்கிப்போகத்தான் தெரியும். எதையும் அடக்கியாளத் தெரியாது. அந்தத் திறமை சிப்பில் உண்டு. வாயிலுள்ள ஐந்து முனைகளில் நான்காவதை ஐந்தாவதோடு சேர்த்துவிட்டால் விழித்துக்கொள்ளும். தயாரித்தவர்கள் அந்த நான்காவதைச் சும்மா விட்டுவிட்டார்கள்.

அக்கா தையல்காரி. அவள் துணி வெட்டும் மேசையிலேயே வேலையை வைத்துக்கொண்டோம். வாயின் படத்தைப் பெரிதாக வரைந்து, முனைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு, முந்தைய நாளே மேசையில் ஒட்டியிருந்தேன். பத்து நாற்பதுக்குப் பேட்டரியைக் கழற்றினேன்.

"மாப்ள, கை நடுங்குதே?" என்றார் அக்காவின் கணவர்.

"டார்ச்சுதான் நடுங்குது மாமா. ஒழுங்கா பிடிங்க."

"எனக்கு ஒண்ணும் பயமில்லப்பா. டார்ச்சுக்குத்தான் பயம்."

உள்ளிருந்த சர்க்யூட் பலகையைத் திருப்பிப் போட்டேன். பூதக்கண்ணாடியிலேயே முனைகள் எறும்புக் கால்களாகத்தான் தெரிந்தன. படத்தை ஒரு முறை பார்த்தேன். வலது ஓரத்து இரண்டு. ஆறாவது நிமிடம். ஈயத்தைத் தொடவைக்கப் போகும் நொடியில் சால்டரிங் அயனின் விளக்கு அணைந்தது. திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டேன். நிமிர்ந்தால், அக்கா பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"பைத்தியமாக்கா உனக்கு? நேரம் போய்ட்டிருக்கு!"

"ஏம்மா, அவனே முக்கிட்டிருக்கான், நீ வேற!" என்றார் மாமா.

அவள் இருவரையும் பொருட்படுத்தவில்லை. சாக்குக்கட்டியை எடுத்து மேசைமேலேயே எழுதினாள்: 'வெளிப்பக்கம் பார்த்து வரைந்தாய். உள்பக்கம் பார்த்துத் தைக்கிறாய். இடது வலது மாறும்.'

நான் பற்றவைக்கப் போனது நான்கையும் ஐந்தையும் அல்ல, இரண்டையும் ஒன்றையும். பல கருவிகளை இணைக்கும் ஹப்பைச் செருகியிருந்தால், ஒன்றாவது முனையில் வரும் ஐந்து வோல்ட்டும் நேராகச் சிப்பில் ஏறி அதைப் பொசுக்கியிருக்கும். கூப்பிட அவளுக்குக் குரல் இல்லை. தோளைத் தொட்டிருந்தால் என் கை அசைந்து ஈயம் அங்கேயே விழுந்திருக்கும். பிளக்கைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அயன் மறுபடி சூடேற இரண்டு நிமிடம். மாமா மேசைக் கடிகாரத்தை முகம் தெரியாமல் திருப்பிவைத்தார். பதினோராவது நிமிடம் இடது ஓரத்து இரண்டையும் சேர்த்தேன். பதினான்காவது நிமிடம் புது பேட்டரியின் கம்பிகளை ஒட்டினேன். தனி மின்சாரம் உள்ள ஹப்பில் கீபோர்டையும் பென்டிரைவையும் செருகி, கைக்கணினியோடு இணைத்துப் பொத்தானை அழுத்தினேன்.

திரை வெளுத்தது. அப்படியே நின்றது. பிறகு கீபோர்டில் ஒரு பச்சை விளக்கு.

"வந்துடுச்சா?"

"இருங்க மாமா."

பட்டியல் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். பெயர் இருந்தால் குரலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் பென்டிரைவுக்கு மாற்றி, மடிக்கணினியில் போட்டு, வரிசையாகக் கேட்டோம். 'அளவு சட்டை கொண்டுவந்தீங்களா?' வந்தது. 'கை கொஞ்சம் தளர்வா வைக்கட்டுமா?' வந்தது. மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து நானூற்றுப் பதினொன்று கேட்டாயிற்று. ஒன்று மட்டும் வெறும் கரகரப்பு. அதன் பெயரைப் பார்த்தேன்: 'என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்.'

"அப்பாடா," என்றார் மாமா. "இனி என்னைக் கூப்பிட முடியாது. தப்பிச்சேன்."

அக்கா சிரிக்கவில்லை. மாமாவும் எழுந்துபோகவில்லை. அந்தக் கரகரப்பையே மறுபடி ஓடவிட்டார். இன்னொரு முறையும்.

"இதை அழிச்சிடட்டுமா மாமா?"

"கைய எடுடா," என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "இது பாட்டுக்கு இருக்கட்டும். இந்தச் சத்தம் கேட்டா நான் வந்துடறேன்."

அக்கா கைநீட்டி விசையை அழுத்தினாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மாமா, நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.