ராமபத்ரனின் மைக்

தோணிக்கடவு நாட்டுப்பாட்டுக் குழுவில் ராமபத்ரனுக்கென்று ஓர் இடம் உண்டு. மேடையின் இடது ஓரம், தப்பு அடிக்கும் செல்லதுரைக்கு ஒரு முழம் முன்னால், தனி மைக்குடன். கொச்சி மட்டாஞ்சேரியில் குழு தொடங்கிய நாளிலிருந்து அது அவருடையது. கண்ணை மூடி, ஒரு காலைத் தூக்கி, மக்காச்சோளம் கடிப்பவர் மாதிரி மவுத் ஆர்கனை அவர் வாசிக்கும் அழகே தனி. நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும், "எப்படி இருந்தது?" என்று மனைவியைக் கேட்பார். "நன்னாயிருந்தது. சட்டைதான் கசங்கியிருந்தது" என்பாள் சீதாலக்ஷ்மி. முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு தூங்கப் போவார்.

வினை கைப்பேசி வழியாக வந்தது. கோயில் உற்சவத்தில் குழு பாடியதை யாரோ படம்பிடித்து அனுப்பியிருந்தார்கள். சீதாலக்ஷ்மி காய் நறுக்கிக்கொண்டே பார்த்தாள்.

"ஏன்னா, உங்க வாத்தியத்தைக் காணோமே. ஆள் மட்டும் ஆடறார்."

ராமபத்ரன் பிடுங்கிக் காதில் வைத்துக் கேட்டார். பாடகி சுபாஷிணியின் குரல் வந்தது, தப்பு வந்தது, கூட்டத்தில் ஏதோ குழந்தை அழுததுகூட வந்தது. அவர் வரவில்லை.

மறுநாள் காலை சவுண்ட் செட் வெங்கிடேஷை படகு ஜெட்டிப் பக்கத்துச் சாயாக்கடையில் வைத்துப் பிடித்தார்.

"என் மைக்குக்கு என்னடா கேடு?"

வெங்கிடேஷுக்குப் பொய் சொல்ல வராது. "மாமா, தேஷ்யப்பட்டுக் கத்தப்படாது. நீங்க மைக்கை முட்டிண்டு ஊதறேளோன்னோ, ஸ்பீக்கர் அலறறது. சனம் காதைப் பொத்திக்கறது. அதான் ஓஃப் ஆக்கி வெச்சேன்."

"எப்பலேர்ந்து?"

"மெஷின் புதுசா வாங்கினதுலேர்ந்து."

அந்த மெஷின் கிழடாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று போன மாதம்தான் குழுவில் பேச்சு நடந்திருந்தது.

ராமபத்ரனுக்கு அழுகை வந்தது. சாயாவை ஊதி ஊதிக் குடித்து அடக்கிக்கொண்டார். பந்தியில் உட்காரச் சொல்லிவிட்டு இலை போடாமல் போனது மாதிரி இருந்தது. வீட்டுக்குத் திரும்புவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். குடியிருப்போர் சங்கத்தின் ஓண விழாவில் முதல் பாட்டுக்கு வாசிப்பதுபோல் நடிப்பார், ஒரு பொட்டுக் காற்றும் உள்ளே போகாது. யாரும் கவனிக்கவில்லை என்றால் அன்றோடு குழுவை விட்டு விலகிவிடுவார். இதை அவர் சீதாலக்ஷ்மியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள் என்கிற பயம்.

ஓணத்தன்று முதல் பாட்டு, தோணி தள்ளுகிறவர்கள் பாடுவது. மெள்ளத்தான் போகும். ராமபத்ரன் கண்ணை மூடினார், காலைத் தூக்கினார், என்றுமில்லாத அளவுக்குத் தலையை ஆட்டினார். சத்தம் மட்டும் இல்லை. பல்லவி போயிற்று, முதல் சரணம் போயிற்று, யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் அவரைப் பார்த்து, ஆகா என்று ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதுதான் ராமபத்ரனுக்குத் தாங்கவில்லை. விலக வேண்டியதுதான் என்று நினைத்தார்.

இரண்டாம் சரணத்தில் தப்பு ஓடத் தொடங்கியது. முதலில் எட்டி நடந்தது, பிறகு ஓடியது, பிறகு யாரோ துரத்துவதுபோல் பறந்தது. சுபாஷிணி சொற்களை விழுங்கினாள், கடைசியில் மூச்சையும் விழுங்கினாள். பாட்டு முடிந்ததா, நடுவில் நின்றுபோனதா என்று புரியாமலே கூட்டம் கைதட்டியது.

செல்லதுரை வியர்க்க விறுவிறுக்கக் குனிந்தான். தென்காசிக்காரன், பகலில் மார்க்கெட்டில் காய்கறி விற்பவன். "என்ன சாமி, ஏன் ஊதல?"

"ஊதலைன்னு ஒனக்கு யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஸ்பீக்கரு பூராவும் சனத்தப் பாத்துல்லா இருக்கு. அந்தப் புள்ள பாடுறது எனக்கு ஒரு மண்ணும் கேக்காது. நான் அடிக்கிற அடியில உங்க சத்தம் ஒண்ணுதான் கீச்சுன்னு காதுல விழும். அத வச்சுத்தான இத்தன வருசமா அடிக்கேன்."

"இதை ஒரு தடவை என்கிட்ட பறஞ்சா என்னவாம்?"

"ஊதுறவருகிட்டயே போயி, நீங்க ஊதுறது கேக்குதுன்னு சொல்லுவாங்களா?"

ராமபத்ரனுக்கு ஒரே சந்தோஷம். 'கீச்சு' என்று சொன்னதில் கொஞ்சம் கோபமும் இருந்தது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எதிரே வெங்கிடேஷ் மனசு கேட்காமல், மைக்கைத் திறந்துவிடட்டுமா என்று கையால் ஜாடை கேட்டான். ராமபத்ரன் வேண்டாம் என்று தலையசைத்தார். மைக்கை அங்கேயே விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து, செல்லதுரையின் இடது காதோரம் போய் நின்று, மவுத் ஆர்கனை வாயில் வைத்தார்.

முன்வரிசையில் சீதாலக்ஷ்மி பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொன்னாள்: "மைக் அங்கேன்னா இருக்கு. இந்த மனுஷர் எங்கே போறார்?"