முப்பத்தோரு கிலோ

1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, விழுப்புரம் ரயில்வே பார்சல் ஆபீஸ் கிளார்க் பாண்டுரங்கன், திண்டிவனத்தில் பஸ் சீட் தைக்கும் ஒரு பட்டறையின் தரையில், சட்டையைக் கழற்றிவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று நுரை ரப்பர் துண்டுகளின் மேல் மல்லாந்து படுத்திருந்தார்.

“எழுந்திருங்க சார்,” என்றார் பட்டறைக்காரர் லூர்துநாதன். “போன வாரமும் இப்டித்தான் படுத்துப் பாத்தீங்க. சுகமா இருக்குதுன்னு சொல்லி எடுத்துக்கினு போனீங்க. உங்களுக்கு சுகமா இருந்து இன்னா பண்றது?”

பாண்டுரங்கன் எழுந்து உட்கார்ந்தார். அவருக்கு ஐம்பத்து நாலு வயது. ஐந்து மாதமாகச் சரியான தூக்கமில்லாததால், படுத்த இடத்திலிருந்து எழுவதற்கு உடம்பு நேரம் எடுத்துக்கொண்டது.

மார்ச் மாதம் ரயில்வே குவார்ட்டர்ஸ் குழாயடியில் அவர் மனைவி கெங்கம்மாள் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. கட்டுப் போட்டும் கூடவில்லை. இனி எழமாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். படுத்தே கிடந்ததில் முதுகின் அடியில், எலும்பு துருத்தும் இடத்தில், புண் வந்தது. முதலில் எட்டணாக் காசு அளவு. ஜூலையில் உள்ளங்கை அளவு. எலும்பு அழுந்தாமல் படுத்தால்தான் அவளுக்கு வலி குறையும், பஞ்சு மெத்தை ஆகாது, நுரை ரப்பர் கிடைத்தால் பாருங்கள் என்று புண்ணுக்குக் கட்டுக் கட்ட வந்த கம்பவுண்டர் சொல்லியிருந்தார். ரெடிமேடாக ரப்பர் மெத்தை வாங்க மெட்ராஸ் போக வேண்டும். திண்டிவனத்தில் பஸ் சீட்டுக்கு அதே ரப்பரைத்தான் அறுத்துப் போடுகிறார்கள் என்று பார்சல் ஆபீஸில் யாரோ சொன்னார்கள்.

வியாழக்கிழமை வந்து, கெட்டி ரப்பர் இரண்டு அங்குலம், அதன்மேல் நடுத்தரம் ஒரு அங்குலம் வாங்கிப்போய், அவரே உறை தைத்துப் போட்டார். கெங்கம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை புண்ணைத் துடைப்பதற்காக அவள் இடுப்புக்குக் கீழே கையை விட்டபோதுதான் தெரிந்தது. கை நுழையவில்லை. ரப்பர் கொஞ்சமும் அமுங்கவே இல்லை. பலகை மேல் கிடத்திய மாதிரி எலும்பு அப்படியே மேலே உட்கார்ந்திருந்தது. படுத்துப் பார்த்தது அவர். அவர் எடை அறுபத்தெட்டு.

“அம்மா இன்னா எடை இருப்பாங்க?” என்று கேட்டார் லூர்துநாதன்.

“முப்பத்தோரு கிலோ.”

“ஆஸ்பத்திரில நிறுத்தாங்களா?”

“தெனம் நான்தானே மேஸ்திரி தூக்கறேன். இருபத்தாறு வருஷமா மூட்டை தூக்கிப் பாத்த கை. அரைக் கிலோ முன்னப் பின்ன இருக்கும்.”

லூர்துநாதன் பக்கத்து வேர்க்கடலை மண்டிக்குப் போய் ஒரு மல்லாட்டை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பின்னாலேயே மண்டிக்காரரின் குரல் வந்தது.

“லூர்து, பஸ் சீட்ல இனிமே மல்லாட்டைதான் ஒக்காந்துக்கினு போவுமா?”

“ஆமாய்யா, டிக்கெட்டு எடுக்கற பிராணி எதுவா இருந்தா இன்னா!”

மூட்டையைத் தராசில் வைத்து, முப்பத்தொன்றுக்கு வரும்வரை கொட்டையை அள்ளி வெளியே போட்டார்கள். “இதுக்கு எலும்பு இல்லியே,” என்றார் பாண்டுரங்கன். லூர்துநாதன் உள்ளே போய், பசை கலக்க வைத்திருந்த ஒரு கொட்டாங்கச்சியைக் கழுவிக்கொண்டு வந்தார். அதை மூட்டையின் அடியில், முதுகெலும்பு முடியும் இடம் என்று பாண்டுரங்கன் காட்டிய இடத்தில், குவிந்த பக்கம் கீழே பார்க்கும்படி சணலால் இறுக்கிக் கட்டினார்.

கெட்டி ரப்பரில் வைத்தபோது மூட்டை மேலேயே நின்றது. கெட்டியின் மேல் இளசு என்கிற மெத்தென்ற ரப்பர் ஒரு அங்குலம் போட்டு வைத்தபோது, கொட்டாங்கச்சி இளசை அழுத்திக்கொண்டு போய்க் கெட்டியைத் தொட்டது. பாண்டுரங்கன் தரையில் மண்டியிட்டு, ஒவ்வொரு தடவையும் ரப்பருக்கு நடுவே கையை விட்டு விரலால் தடவிப் பார்த்தார். கெட்டியை எடுத்தார்கள். நடுத்தரம் ஒன்று, மேலே இளசு இரண்டு. மூட்டை மெதுவாக இறங்கி, சுற்றிலும் ரப்பர் அணைத்த மாதிரி நின்றது. கொட்டாங்கச்சிக்குக் கீழே அவர் கை தாராளமாகப் போய் வந்தது. திரும்பவும் விட்டுப் பார்த்தார். மூன்றாம் தடவையும் விட்டுப் பார்த்தார்.

“இது போதும்,” என்றார்.

“சார், சொல்லிட்டேன். இளசு சீக்கிரம் நைஞ்சு போவும். ஆறு மாசம்கூட உழைக்காது.”

“அவ்ளோ வேணாம் மேஸ்திரி.”

லூர்துநாதன் மூன்று துண்டுகளையும் ஆறடிக்கு இரண்டரையாக அறுத்தார். பசை போட்டு ஒட்டினால் ஒரு நாள் காய வேண்டும் என்றார். பாண்டுரங்கன் வேண்டாம், உறைக்குள் அடுக்கித் தைத்துக்கொள்கிறேன் என்றார். சுருட்டிக் கயிறு போட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் லூர்துநாதனே தூக்கிக்கொண்டு வந்தார்.

கூரைமேல் போடச் சொன்னார் கண்டக்டர். பாண்டுரங்கன் மறுத்து, மடியில் நிறுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்தார். எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவரையும் சுருட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னா பெரியவரே, புது மாப்ளையா? மெத்தையெல்லாம் எடுத்துக்கினு போறீரு.”

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“ஆமாம்மா,” என்றார் பாண்டுரங்கன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் கண் சொக்கியது. சுருட்டின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டார். டயர் கடை வாசனை அடித்தது.

குவார்ட்டர்ஸுக்குள் திரும்பும்போது மணி ஒன்றரை. வீட்டு வாசலில், சுவரோரமாக, கட்டிலை வெய்யிலில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் பாண்டுரங்கன் நின்றுவிட்டார். காலையில் அவர் புறப்பட்டபோது அந்தக் கட்டிலில்தான் கெங்கம்மாள் இருந்தாள்.

பக்கத்து வீட்டு ஜெயம் குடத்தோடு வெளியே வந்தாள். “இருக்காங்க மாமா, இருக்காங்க,” என்றாள் அவசரமாக. “உள்ள போங்க.”

கூடத்தில் தரையில் கோரைப்பாய். அதன்மேல் ஒரு பழைய புடவை. அதன்மேல் கெங்கம்மாளைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொரு மூச்சு வெளியே வரும்போதும் தொண்டையிலிருந்து ‘ம்’ என்று ஒரு சத்தம் வந்தது. தலைமாட்டில் அவர் அக்கா கோவிந்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். தம்பி மனைவியைப் பார்த்துக்கொள்ள என்று வளவனூரிலிருந்து வந்து பத்து நாளாகிறது.

“பதினோரு மணிக்கு மூச்சு மாறிப்போச்சி,” என்றாள் கோவிந்தம்மாள். “நானும் ஜெயமும் எறக்கிட்டோம். கட்டில்மேல உயிர் போனா அந்தரத்துலியே நின்னுடும்டா. நீ இன்னாடான்னா ரப்பர் வாங்கப் போயிட்ட.”

“எறக்கினப்ப கத்தினாளா?”

கோவிந்தம்மாள் வேறு பக்கம் பார்த்தாள்.

பாண்டுரங்கன் கெங்கம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து இடுப்புக்கு அடியில் கையைக் கொண்டுபோனார். எலும்புக்கும் பாய்க்கும் நடுவே புடவையின் கனம் மட்டுமே இருந்தது. அவர் எழுந்தார். வியாழக்கிழமை தைத்த மெத்தையை மூலையிலிருந்து இழுத்துப் போட்டு, பிளேடால் தையலைப் பிரித்தார். கெட்டி ரப்பரையும் பழைய நடுத்தரத்தையும் உருவி வெளியே எறிந்தார்.

“இன்னாடா பண்ற?”

“வேற மெத்தை போடறேன்.”

“பாண்டு, நம்ம ஊட்ல யாரும் மெத்தைல போனது கெடயாது. அப்பா தரைலதான் போனாரு. அம்மா தரைல போனா. நாளைக்கு அவ ஆத்மா அலஞ்சிக்கினு இருந்தா யாருக்குப் பாவம்?”

“கட்டில் வெளியதானே இருக்குது. தரைலதான் போடறேன்.”

“மண்ணு ஒடம்புல பட வேணாமா?”

அவர் நடுத்தரத்தைக் கீழே விட்டு, இளசு இரண்டையும் மேலே வைத்து, ஓரம் மடங்காமல் உறைக்குள் நீவிச் செருகினார். கோணி ஊசியில் நூல் கோத்தார். பார்சல் மூட்டை தைக்கிற கை. பெரிய பெரிய தையலாக, இழுத்து இழுத்துத் தைத்துக்கொண்டே போனார். அந்த ‘ம்’ சத்தம் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது. ஊசி ஒரு தடவை சுட்டுவிரலில் ஏறியது. வேட்டியில் துடைத்துவிட்டுத் தைத்தார். கோவிந்தம்மாள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்த பிறகு, மெத்தையைப் பாய்க்குப் பக்கத்தில் விரித்தார்.

“ஜெயம், இப்பிடி வாம்மா. அக்கா, நீ கால் பக்கம் புடவையப் புடி.”

“நான் சொல்றது உன் காதுல உழுவுதா?”

“உழுவுது. ஜல்தியா புடி. நான் ஒருத்தனா தூக்கினா அவளுக்கு நோவும்.”

கோவிந்தம்மாள் ஒரு கணம் நின்றாள். அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். அவர் அவள் பேச்சைத் தட்டியதில்லை. பிறகு குனிந்து, புடவையின் இரண்டு முனைகளையும் கையில் சுற்றிக்கொண்டாள்.

தூக்கியபோது கெங்கம்மாள் கத்தினாள். இறக்கியபோது கத்தல் பாதியில் நின்றது. உடம்பு மெதுவாக இறங்கியது. முதலில் இடுப்பு, பிறகு தோள், பிறகு குதிகால். பாண்டுரங்கன் மண்டியிட்டு, உறைக்கு அடியில், தரையோடு தரையாகக் கையை உள்ளே தள்ளி, எலும்பு இருக்கும் இடத்துக்கு நேராகப் பார்த்தார். எதுவும் கையில் இடிக்கவில்லை. கையை வெளியே எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்.

கோவிந்தம்மாள் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். கெங்கம்மாளின் வலது கையை மெத்தையிலிருந்து எடுத்து, உள்ளங்கை தரையில் படும்படி வைத்தாள்.

“கையாவது கீழ இருக்கட்டும்,” என்றாள்.

‘ம்’ சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு நின்றுவிட்டது. வெளியே ஷெட்டில் இன்ஜின் ஒன்று நீராவியை விட்டது. அதுவும் அடங்கியதும் கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. கோவிந்தம்மாள் கெங்கம்மாளின் முகத்தைப் பார்த்தாள். மார்பில் அடித்துக்கொண்டு, “ஐயோ, எங்கள உட்டுட்டுப் போயிட்டியேடி, எங்க ஊட்டு மகாலச்சுமியே...” என்று குரலெடுத்தாள்.

கெங்கம்மாள் கண்ணைத் திறந்தாள்.

“இன்னாத்துக்கு அண்ணி கத்தறீங்க?” என்றாள். குரல் காற்று மாதிரி வந்தது. “தூக்கம் வருது.”

ஜெயம் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். அங்கிருந்து அவள் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. கோவிந்தம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“தூங்குடி. தூங்கு. நான் ஒண்ணும் கத்தல.”

கெங்கம்மாளின் கண்கள் பாண்டுரங்கனைத் தேடி வந்தன. அவர் கிட்டே குனிந்தார்.

“சாப்ட்டீங்களா?”

“சாப்ட்டேன்,” என்றார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில், புருவத்துக்கு நடுவே, மார்ச்சிலிருந்து இருந்த சுருக்கம் தளர்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக வந்தது.

ரொம்ப நேரம் கழித்துக் கோவிந்தம்மாள் மெத்தையின் ஓரத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“இத மொதல்லியே வாங்கியிருக்கலாம் இல்ல?”

பாண்டுரங்கன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “மொதல்ல என் எடைக்கு வாங்கிட்டேன் அக்கா,” என்றார்.

“இன்னா?”

“நான் படுத்துப் பாத்து வாங்கினேன். நாலு நாளு பலகைமேல போட்டு வச்சிருந்தேன் அவள.”

கோவிந்தம்மாள் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். ஒரு வெற்றிலையின் காம்பைக் கிள்ளினாள். சுண்ணாம்பு தடவி மடித்தாள். அதைத் தன் வாயில் போடாமல் அவரிடம் நீட்டினாள்.

“போட்டுக்க,” என்றாள். “வெறும் வயித்துல ஒக்காந்துக்கினு இருக்காத. ஜெயத்துகிட்ட சோறு போடச் சொல்றேன்.”

அவர் வெற்றிலையை வாங்கிக்கொண்டார். சோறு வருவதற்குள், உட்கார்ந்தபடியே, தலை ஒரு பக்கமாகச் சாயத் தூங்கிப்போனார்.

அவர் விழித்தபோது மணி ஐந்து நாற்பது. ஜன்னல் வெய்யில் சுவருக்கு ஏறியிருந்தது. பக்கத்தில் மூடி வைத்த சோறு இருந்தது. கோவிந்தம்மாள் அதே இடத்தில், கெங்கம்மாளின் வலது கையைத் தன் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை.

“எப்ப?” என்று கேட்டார்.

“தெரியலடா. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். தூங்கறான்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஜெயம் அவள் புருஷனை அழைத்துவரப் போனாள். ஷிப்டு முடிந்து வந்தவர்கள் இரண்டு பேர் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் சுட வைத்தார்கள். கோவிந்தம்மாள் தெருவுக்குக் கேட்கும்படி இப்போது அழ ஆரம்பித்தாள்.

ஆறு மணிக்கு, நாலு பேராகப் புடவையின் நாலு முனைகளையும் பிடித்து, கெங்கம்மாளைத் தூக்கிக் கொல்லைப்புறம் கொண்டுபோனார்கள். பாண்டுரங்கன் தலைப்பக்கம் பிடித்திருந்தார். மெத்தையை ஒதுக்கி வைக்கலாம் என்று அவர் திரும்பி வந்தார். அவள் படுத்திருந்த இடத்தில் ரப்பர் மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது. தோள் இருந்த இடம் முதலில் நிரம்பியது. இடுப்பு இருந்த இடம் கடைசியில். ஒரு நிமிஷத்துக்குள் மெத்தை முழுக்க ஒரே மட்டமாக இருந்தது.