பத்துக் கணினியிலும் பைத்தானை நீக்கியவன்

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் என் அப்பா சங்கரபாண்டி முப்பது வருஷம் மூட்டை தூக்கினார். பள்ளி விடுமுறையில் நானும் தூக்கினேன். அங்கே ஒரே முறைதான்: லாரியில் பழைய சரக்கு கிடந்தால் முழுசும் இறக்கு, பிறகு புதுசை ஏற்று. இந்த அறிவோடுதான் டிப்ளமோ முடித்து, இலஞ்சிப் பக்கம் ஒரு பள்ளியில் கணினி ஆய்வக உதவியாளன் ஆனேன்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் கணினி ஆசிரியை ஸ்ரீமதி மேடம் சொன்னார்: "முத்துராஜ், பைத்தான் பழசாக் கிடக்கு. காலைல வந்ததும் பத்து மெஷின்லயும் புதுசு போட்டிருங்க. பத்து மணிக்கு வெளியூர்ல இருந்து ஆள் வருது."

பைத்தான், பிள்ளைகள் நிரல் எழுதும் மொழி. அது இல்லாமல் தேர்வு இல்லை.

ஏழரைக்கே போய்விட்டேன். ஆய்வகத்தில் லினக்ஸ். மௌஸைப் பிடித்து வேலை செய்வது நோஞ்சான்களுக்கு என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. கட்டளை அடிக்கும் கருப்பு ஜன்னலைத் திறந்து அடித்தேன்:

sudo apt autoremove python3

பைத்தானையும், கூட ஒட்டிக் கிடக்கும் உதிரிகளையும் சேர்த்து வாரிக்கொண்டு போகிற கட்டளை. திரையில் ஏதேதோ பெயர்கள் மளமளவென்று ஓடின. அடியில் ஒரு கேள்வி: தொடரலாமா, Y அல்லது n. மூட்டை தூக்குகிறவன் பில்லைப் படிப்பதில்லை. Y அடித்தேன். அது முடிவதற்குள் அடுத்த மெஷின். பத்தையும் ஒரே நடையில் முடித்தேன். தென்காசி வட்டாரத்தில் இப்படி ஒரு வேகம் யாருக்கு வரும் என்று நினைத்தபடி, புதுசை ஏற்றுவதற்கு முன் எல்லாம் ஒருமுறை அணைந்து எழும்பட்டும் என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் பத்துத் திரையும் கருப்பு. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. படம் இல்லை, அம்பு இல்லை, நெட் இல்லை. அந்த லினக்ஸில் பாதிச் சாமான் பைத்தானின் தோளில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறது. ஓடிய பட்டியல் அதைத்தான் சொல்லியிருக்கிறது.

ஒன்பதுக்கு மேடம் வந்தார்.

"என்ன இருட்டாக் கிடக்கு? கரண்டு இல்லையா?"

"கரண்டு இருக்கு மேடம். மத்தது எதுவும் இல்ல."

நடந்ததைச் சொன்னேன்.

"பழசு அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. அத எதுக்கு எடுத்தீங்க?"

"புதுசுக்கு இடம் வேணும்லா."

"இது என்ன லாரியா?"

பக்கத்து மெஷினின் கீபோர்டைத் தட்டிப் பார்த்தேன்.

"பத்துப் பிள்ளைகளோட மார்க்கு, முத்துராஜ்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்து யோசித்தார். "எல்லாத்தையும் திருப்பிப் போட நேரமில்ல. பைத்தான மட்டும் போடுங்க. கருப்புத் திரையிலயே எழுதட்டும்."

அவர் போனையும் என் போனையும் கேபிளில் மாட்டி, நெட் கொண்டுவந்து, ஒவ்வொரு மெஷினாகப் போட்டேன். மறுபடி அதே கேள்வி: தொடரலாமா. இந்தத் தடவை திரையில் விரல் வைத்து வரிவரியாகப் படித்தேன்.

"மூட்டையா எண்ணுதீங்க? Y அடிங்க. ஒன்பதரை ஆச்சு."

ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் பத்தாவதும் முடிந்தது. பதிப்பு எண்ணைப் பார்த்தேன். லினக்ஸ் தன் கிடங்கிலிருந்து எடுத்துத் தந்தது அதே பழைய பைத்தான். மேடத்திடம் சொல்லவில்லை.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். "சார், மௌஸ் வேல செய்யல" என்றாள் சத்யபிரியா.

"இன்னைக்கு அது லீவு. கீபோர்டுலயே எழுது."

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் குனிந்து பார்த்தார். "மௌஸ் இல்லாம கமாண்ட் லைன்லயேவா பழக்கிருக்கீங்க? பரவாயில்லையே."

மேடம் என்னைப் பார்த்தார். நான் சுவிட்ச் போர்டைப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கால் மணி நேரம் தேவைப்பட்டது. ஆனால் பத்துப் பேர் நிரலும் ஓடியது.

எல்லோரும் போனபிறகு மேடம் சொன்னார்: "மார்க்கு தப்பிச்சிது. இனிமே என்கிட்ட கேக்காம எதையும் இறக்காதீங்க. இப்பம் வராந்தா பெஞ்சுகள மட்டும் உள்ள தூக்கிப் போடுங்க."

தோளுக்கு ஒன்றாக இரண்டு பெஞ்சைத் தூக்கினேன். தொடரலாமா என்று கேட்காத வேலை.