இரண்டு டிகிரி சாய்வு

மூன்று நாளாக அந்த டவருக்குக் காது அடைத்துப் போயிருந்தது. போன்களிலிருந்து வருவது எதுவும் அதற்கு ஒழுங்காக விழவில்லை. பாதிப் பேச்சில் அழைப்புகள் அறுந்தன. யாரோ அனுமதியில்லாமல் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் மாட்டியிருக்கிறார்கள், அதன் இரைச்சல்தான் எல்லாவற்றையும் அமுக்குகிறது என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். வெயிலில் அலைந்து கண்டுபிடிக்கத்தான் ஆள் இல்லை. மேலதிகாரி டவரம்மாவைக் கைகாட்டினார். அங்கே அவளுக்கு அதுதான் பெயர். ஏரியா அவளுடையது, வேறு யார் தலையில் கட்டுவது?

கையில் ஆன்டெனாவைப் பிடித்தபடி தெருத்தெருவாக நடந்தாள். எந்தப் பக்கம் திருப்பினால் இரைச்சல் ஏறுகிறதோ, அந்தப் பக்கம் போக வேண்டும். மூன்றாவது திருப்பத்தில் நின்றுவிட்டாள். அது அவள் அண்ணன் குடியிருக்கும் தெரு.

அண்ணன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். போன் அடித்தால்தான் வேலை. எட்டு மாதமாக அந்தத் தெருவில் போன் அடிப்பதில்லை. "ஏதாவது பண்ணும்மா" என்று நாலு தரம் கேட்டுவிட்டார். "பாக்கறேண்ணா" என்று நாலு தரமும் சொன்னாள். பார்ப்பதற்கு என்ன இருந்தது? டவர் ஆன்டெனாவை இரண்டு டிகிரி கீழே சாய்க்கச் சொன்னதே அவள்தான். சாய்த்தால் டவரை ஒட்டிய புது அடுக்குமாடிகளுக்கு அமோகமாகக் கிடைக்கும், பக்கத்து டவரோடு மோதலும் குறையும். ஓரத்தில் கிடக்கும் நாற்பது வீடுகளுக்கு மட்டும் எட்டாது. ஆயிரத்து இருநூறு வீட்டுக்கு முன்னால் நாற்பது எம்மாத்திரம்? அறிக்கையில் அப்படித்தான் எழுதினாள், ஒப்புதலும் வந்தது. அந்த ஆயிரத்து இருநூறில் ஒன்று அவள் வீடு. அதை எழுத அறிக்கையில் இடமில்லை, அவளும் தேடவில்லை.

இரைச்சல் அண்ணன் வீட்டு வாசலில்தான் உச்சத்துக்கு ஏறியது. அவரே மாடிக்குக் கூட்டிப்போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பூஸ்டர் பெட்டி இருந்தது.

"இதுவா ஊரையே கெடுக்குது?"

"ஆமாண்ணா. கழட்டியே ஆகணும். விட்டா உங்க மேல கேஸ் போடுவாங்க."

"கழட்டிக்கோ."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கீழேயிருந்து அண்ணிதான் பொரிந்து தள்ளினாள். "கூடப்பொறந்தவ டவர் கம்பெனியில இருக்கான்னு பேரு! மாட்டின மூணு நாள்ல அஞ்சு வேலை வந்துச்சு. அதுவும் பொறுக்கல!"

அவள் திருகாணிகளைக் கழற்றினாள்.

"மேல பேசி டவரைச் சரிபண்ணச் சொல்றேண்ணா. எப்படிக் கெட்டுச்சுன்னே தெரியல."

அண்ணன் கழன்ற திருகாணிகளைப் பொறுக்கி அவளிடம் கொடுத்தார்.

"உன் ஃபிளாட்டுல நல்லா எடுக்குதா?"

"எடுக்குதுண்ணா."

"எடுக்கும். நீ அங்க குடிபோன வாரம்தான் இங்க செத்துச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவர் குரலில் கோபமே இல்லை.

"நீயா வாயத் தொறந்து சொல்லுவேன்னுதான் திரும்பத் திரும்பக் கேட்டேன்."

இப்போதும் அவள் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.