முழுசா போடு

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்யும் ஜோதிகா கைபேசியை நீட்டி, "அக்கா, இது நீங்கதான?" என்றாள். குரலில் கேலி இல்லை, தயக்கம்தான் இருந்தது. ஞானகுமாரி கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கிப் பார்த்தாள். அவள்தான். அண்ணனூர் ஸ்டேஷன் நடைமேடையில் மரக்கலர் புடவையும் கையில் சபையின் கைப்பிரதிகளுமாக நின்றுகொண்டிருந்தாள். எதிரே காலர் மைக் மாட்டிய ஓர் இளைஞன். "ஆண்டவர் சுகமாக்குவார்னு நோட்டீஸ் குடுக்கறீங்களே, உங்க வீட்ல யாரையாவது சுகமாக்கினாரா?" என்று கேட்கிறான். அவள் முழிக்கிறாள். வாய் திறக்கிறது, மூடுகிறது. பிறகு, "எனக்குத் தெரியலப்பா" என்கிறாள். அதோடு ஒரு கழுதை கத்துகிற சத்தம். வீடியோவுக்குக் கீழே கமென்ட்டில் ஊரே சிரித்துவைத்திருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் அவளுக்குச் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. அன்று பிற்பகல் முழுக்கக் கை தன்பாட்டில் பித்தானையும் தையலையும் தடவிக்கொண்டிருக்க, மனசு அந்த நடைமேடையிலேயே நின்றது. அந்த முழிப்புக்கும் பதிலுக்கும் நடுவில் அவள் பேசியிருந்தாள். புருஷன் பால்ராஜுக்குக் கிட்னி போனதை, சபையே உபவாசமிருந்து ஜெபித்ததை, அப்படியும் அவர் போய்ச் சேர்ந்ததைச் சொன்னாள். ஏன் போனார் என்பதுதான் தெரியவில்லை என்றாள். அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுக் கடைசி வார்த்தையை மட்டும் வைத்திருந்தான். சிரித்தவர்கள்கூட அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கிழித்துப் போட்ட பேச்சுக்குள் பால்ராஜும் போய்விட்டாரே என்பதுதான் ஆறவில்லை.

சாயங்காலம் கோவில்பதாகையில் அவள் வீட்டு வாசலில் ஃபெலிக்ஸின் வண்டி நின்றிருந்தது. சபை வாலிபர் கூட்டத்துக்கு அவன்தான் தலைவர். வாதம் என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவான். அவள் மகன் ஆன்சன் கட்டிலை ஓரந்தள்ளி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு, விளக்குக்கூட மாட்டிவைத்திருந்தான்.

"வீடியோ எடுத்தவன் பேரு பிரசன்னா, ஆன்ட்டி. வேப்பம்பட்டுப் பையன். இதே பொழப்பு அவனுக்கு," என்றான் ஃபெலிக்ஸ். "நீங்க ஒக்காந்து சாட்சி சொல்லுங்க போதும். அங்கிள ஆண்டவர் ஒரு நோக்கத்தோட எடுத்துக்கிட்டாரு, எனக்கு ஒரு கேள்வியும் இல்லன்னு சொல்லிடுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

"எனக்குக் கேள்வி கீதே, பிரதர்."

ஃபெலிக்ஸ் ஆன்சனைப் பார்த்தான். ஆன்சன் கைபேசியை அம்மாவின் மடியில் வைத்தான். "இதையும் போடப்போறோம். பாரு."

திரையில், ஒயின்ஷாப் பக்கத்துச் சாக்கடை ஓரத்தில் ஒருவர் விழுந்து கிடந்தார். வேட்டி அவிழ்ந்து, வாயில் ஈ மொய்த்துக்கொண்டு.

"யாருடா இது?"

"பிரசன்னாவோட அப்பா. சம்பந்தம். அவன் உன்ன இழுத்தான்ல? நா அவங்கப்பாவ இழுக்கறேன். ஊருக்கு ஞானம் சொல்ல வந்தவன் மொதல்ல இவர திருத்தட்டும்னு கேப்பேன்."

அவள் அந்தப் படத்தை உடனே திருப்பிக் கொடுத்துவிடவில்லை. அதில் ஒரு ருசி இருந்தது, பொய் சொல்வானேன். கழுதைச் சத்தத்துக்கு இது சரியான அடி. அந்தப் பையனும் நாளைக்கு யாரோ நீட்டுகிற கைபேசியில் தன் வீட்டைப் பார்ப்பான். பார்க்கட்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அந்த மனுஷனின் காலைக் கவனித்தாள். ஒரு செருப்பு கழன்று கிடந்தது. யாரோ ஒருத்தி இவரைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் தெளித்து, வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பாள். டயாலிசிஸ் முடிந்து தலை சுற்றிய பால்ராஜை ஆட்டோவில் ஏற்ற அவள் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

"அழிச்சிடு," என்றாள்.

"ம்மா, நம்ம கர்த்தரே தோத்துட்ட மாதிரி ஊரே சிரிக்குதும்மா!"

"சிரிக்கட்டும். ஊட்டுக்கு ஊடு ஒரு நோவு கீது. அத எடுத்துக் கல்லா வீசறதுக்கா உங்கப்பா உன்ன சபைக்குக் கூட்டிகினு போனாரு?"

ஆன்சன் விளக்கைக் கழற்றினான். படத்தை அழித்தானா என்பது தெரியவில்லை. ஃபெலிக்ஸ் கிளம்பும்போது, "தெரியலன்னு சொல்லிகிட்டே இருந்தா விசுவாசம் இல்லாத மாதிரி ஆயிடும் ஆன்ட்டி," என்றான் தணிந்த குரலில். அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. பால்ராஜின் சவப்பெட்டியை இடுகாட்டில் இறக்கத் தோள் கொடுத்தவன் அவன்.

அடுத்த சனிக்கிழமை கூட வருகிற கண்ணம்மா கால்வலி என்று வராமல் நின்றுகொண்டாள். ஞானகுமாரி தனியாகவே அண்ணனூரில் இறங்கினாள். பையிலிருந்து கைப்பிரதிகளை எடுத்தாள். அவள் எதிர்பார்த்தபடியே பிரசன்னா படிக்கட்டிலிருந்து வந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்னம்மா, பதில் கெடச்சுதா?"

"கேமராவப் போட்டுக்கோ நைனா. இந்தவாட்டி முழுசா போடு."

அவன் கைபேசியை உயர்த்தினான். சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள்.

"என் ஊட்டுக்காரர் பேரு பால்ராஜ். அவருக்கோசரம் ஜெபிச்சோம். பொழைக்கல. ஏன்னு எனக்குத் தெரியல. நீ ஒருவாட்டி கேட்ட. நா தெனம் கேட்டுகினு கீறேன்."

"அப்ப எதுக்கு இந்த நோட்டீஸ்? ஜனங்கள ஏமாத்தவா?"

கும்பலில் ஒருவன் சிரித்தான். அவளுக்குக் கண் கலங்கியது. அழக்கூடாது என்று நினைக்கவும் நேரமில்லை.

"அவரு போன அன்னிக்கு நா உடைஞ்சு போயிருக்கணும். உடையல. யாரோ தாங்கிகினு இருந்தாங்க. அத சொல்றதுக்குத்தான் வந்து நிக்கறேன். வேணாம்னா வாங்காத. உன் கேள்வில தப்பு இல்லப்பா. என் புருஷன வெட்டிட்டு என்ன மட்டும் வச்ச பாரு, அதான் வலிச்சுது. கோவம்கூட வந்துச்சு. இன்னும் கீது."

பிரசன்னா அடுத்த கேள்விக்கு வாயெடுத்தான். எடுத்தவன், கேட்காமல் கைபேசியைத் தாழ்த்தினான். அவள் நீட்டிய தாளை வாங்கவில்லை. கையைத் தட்டிவிடவும் இல்லை. ஆவடி வண்டி வந்து நின்றது. கும்பல் கலைந்து ஏறியது.

அவளும் ஏறினாள்; பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே அவன் நடைமேடைத் தூணில் சாய்ந்து, கைபேசியை முகத்தருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னதாக அவள் குரல் கேட்டது. பால்ராஜ் என்ற பெயர் வரைக்கும் வந்தது. வெட்டப் போன அவன் கட்டைவிரல் திரைமேல் நின்றது. வண்டி நகர்ந்தது. அவனும் தூணும் பின்னால் போக, ரயில் பணிமனையில் வரிசையாகக் காலி ரயில்கள் நின்றன. எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. அவற்றின் வழியே மறுபக்கத்து மாலை வெயில் விழுந்துகொண்டிருந்தது.